எந்த அந்தப்புரத்துக்குள் முதலில் நுழைவது?

சித்திக்கு முழங்கால் மாற்று அறுவை முடிந்து, ஆறு வாரம் வீட்டோடு இருக்கச் சொல்லிவிட்டார்கள். பயிற்சி, மாத்திரை, தூக்கம் போக மிச்ச நேரமெல்லாம் நாற்காலிதான். "நீ ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து பார்ப்பியே, அந்தச் சீனாக்காரங்க அரண்மனைக் கதை, அதுல நல்லதா ஒண்ணு சொல்லு கண்ணு. ஒண்ணு போதும். ஆரம்பிச்சா முடிச்சாகணும், பாதியில விட்டா எனக்குத் தூக்கம் வராது" என்றார்.

பத்து கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பேன். ஒன்று என்று கேட்டதால்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதாயிற்று. இந்தத் தொடர்களில் தப்பான ஒன்றைத் தொடங்கிவிட்டால் போவது ஒரு சாயங்காலம் இல்லை, ஒரு மாதம்.

போட்டியில் நின்றவை மூன்று. மூன்றுமே சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் வம்சத்து அந்தப்புரத்தில் நடப்பவை. 2011-இல் வந்த ஜென் ஹுவானின் கதை, 76 எபிசோட். 2018 ஜூலையில் வந்த யான்ஷி அரண்மனையின் கதை, 70 எபிசோட். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆகஸ்டில் தொடங்கிய ரூயீயின் கதை, 87 எபிசோட். ஒரு எபிசோட் சுமார் 45 நிமிடம் என்று வைத்தால் முதலாவது 57 மணி நேரம், இரண்டாவது ஐம்பத்திரண்டரை, மூன்றாவது 65. தினம் இரண்டு மணி நேரம் பார்த்தால் எதை எடுத்தாலும் நாலைந்து வாரம். முழங்காலுக்குக் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

சித்தி முப்பது வருடம் கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்தவர். ஆங்கில சப்டைட்டில் படிப்பதில் சிக்கல் இல்லை, கண்ணாடியில்தான் சிக்கல். வேகமாக ஓடும் வரிகளை அவரால் பிடிக்க முடியாது. இது சின்ன விஷயம்தான், ஆனால் கடைசியில் முடிவைத் தீர்மானித்ததில் இதற்கும் பங்கு உண்டு.

முதலில் குறுக்குவழியைத் தள்ளிவிடுகிறேன். ஜென் ஹுவானை அமெரிக்கப் பார்வையாளர்களுக்காக ஆறு பாகமாகச் சுருக்கி 2015-இல் நெட்ஃபிளிக்ஸில் போட்டார்கள். பாகத்துக்கு ஒன்றரை மணி நேரம், மொத்தமே 9 மணி நேரம். யார் யாரைக் கவிழ்த்தார்கள், யார் செத்தார்கள் என்பதெல்லாம் அதிலும் தெரிந்துவிடும். ஆனால் இந்தத் தொடரில் இரண்டு பெண்கள் தேநீர் குடித்துக்கொண்டே துணியின் நிறத்தைப் பற்றி நிதானமாகப் பேசுவார்கள். நாமும் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்போம். பல எபிசோட் கழித்துத்தான் அந்தப் பேச்சில் இருந்த விஷம் நமக்கு ஏறும். சுருக்கியதில் விஷம் இருக்கிறது, தேநீர் இல்லை. சித்திக்கு நேரத்துக்குக் குறைவில்லை என்பதால் இதைப் பற்றி மேலே பேசவே வேண்டாம்.

மூன்றுக்கும் பொதுவான ஒன்றை முதலில் தெரிந்துகொண்டால் எதைப் பார்த்தாலும் பாதித் தலைவலி குறையும். இந்த அந்தப்புரம் ஓர் அலுவலகம் மாதிரி. பட்டத்தரசி ஒருவர். அவருக்குக் கீழே ஒரு ஹுவாங் குய்ஃபே, இரண்டு குய்ஃபே, நான்கு ஃபே, ஆறு பின். அதற்கும் கீழே குய்ரென், சாங்சாய், தாயிங் என்று எண்ணிக்கை வரம்பில்லாத மூன்று படிகள். ஒவ்வொரு படிக்கும் வருடத்துக்கு இவ்வளவு வெள்ளி, இவ்வளவு பட்டு, குளிர்காலத்துக்கு இவ்வளவு கரி, இத்தனை பணிப்பெண்கள் என்று கணக்கு உண்டு. அதனால்தான் யாரோ ஒருவருக்குக் கரி குறைத்துக் கொடுத்தார்கள் என்பதை இங்கே ஒரு முழு எபிசோடாக எடுக்க முடிகிறது. ராத்திரி யாரை அழைப்பது என்பதும் கோப்பு நகர்வதுபோலத்தான்: பச்சைத் தலை வைத்த பெயர்ப்பட்டைகளைத் தட்டில் அடுக்கி அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கிய அரண்மனைச் சேவகர், நீட்டுவார், பேரரசர் ஒன்றைத் திருப்பிப் போடுவார். சித்திக்கு இதைச் சொன்னபோது, "அப்போ பதவி உயர்வுக்கு அடிச்சுக்கிறாங்க, அவ்வளவுதானே? எங்க பேங்க்லயும் நடந்ததுதான்" என்றார். அவ்வளவுதான்.

இன்னொன்று, மொழி. பேரரசர் தன்னை 'ஜென்' என்பார், அவர் மட்டும்தான் அப்படிச் சொல்லலாம். துணைவியர் அவர்முன் 'சென்சியே' என்பார்கள். தனக்குக் கீழே இருப்பவர்களிடம் பெரிய இடத்துத் துணைவி 'பென்கோங்' என்று நிமிர்வாள். அண்ணகருக்கு 'நூசாய்', அதாவது அடிமை. ஆங்கில சப்டைட்டில் இத்தனையையும் 'I' என்ற ஒற்றை எழுத்தாக நசுக்கிவிடும். 'நான்', 'நாம்', 'அடியேன்' என்று வேறுபாடு தெரிந்த நமக்கு இது காதால் கேட்டால் புரிந்துவிடும் விஷயம். வரியைப் படித்துக்கொண்டே காதையும் திறந்து வைத்திருந்தால், ஒருத்தி சென்சியேவிலிருந்து வெறும் 'வோ'வுக்கு, அதாவது சாதாரண 'நான்' என்பதற்கு, இறங்கும் நொடியில் ஏதோ உடைந்துவிட்டது என்று தெரியும். அழுகைக் காட்சியைவிட எனக்கு அந்த இடங்களே பிடிக்கும்.

சரி, ஜென் ஹுவான். யோங்ஜெங் பேரரசரின் ஆட்சி, 1722-இலிருந்து 1735 வரை. லியூ லியான்ஸி எழுதிய மூல நாவல் கற்பனை வம்சம் ஒன்றில் நடக்கிறது. இயக்குநர் ஜெங் சியாவோலோங் அதைத் தூக்கி உண்மையான சிங் அரண்மனைக்குள் வைத்தார். அந்த ஒரு முடிவுதான் தொடரைக் காப்பாற்றியது என்பேன். அந்தப்புரத்துக்குப் பெண் எடுக்கும் தேர்வுக்குப் போகும் பதினேழு வயது ஜென் ஹுவான் தன்னைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று நினைக்கிறாள், தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். காரணம் அவளுடைய அறிவும் இல்லை, பாட்டும் இல்லை. பேரரசரின் இறந்துபோன முதல் மனைவியின் சாயல். இது நமக்கும் அவளுக்கும் தெரியவே பாதித் தொடர் ஆகிவிடும். தெரிந்த பிறகு முந்தைய ஒவ்வொரு கொஞ்சலையும் மனம் திரும்பிப்போய்ப் பார்க்கிறது. நீளம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: ஏமாற நாற்பது எபிசோட் வேண்டும்.

ஜென் ஹுவானாக நடித்த சுன் லி இதற்காக 2013-இல் சர்வதேச எம்மி விருதுக்குச் சிறந்த நடிகை பிரிவில் பரிந்துரைக்கப்பட்டார். நியாயம்தான். ஆனாலும் என்னைக் கேட்டால் முன்பாதி ஹுவா என்ற துணைவியுடையது. திமிர், நகை, உரத்த குரல், வாசலில் நிற்பவளை அடிக்கச் சொல்லும் வாய். அண்ணன் நியான் கெங்யாவோ பெரிய தளபதி. பேரரசர் இவளுக்கு மட்டும் என்று ஒரு வாசனைப் புகை தயாரித்துக் கொடுத்திருக்கிறார். அரண்மனையில் வேறு யாருக்கும் கிடையாது. அதை இவள் பெருமையாகப் பகலும் இரவும் எரிக்கிறாள், பிள்ளைக்காகக் காத்திருக்கிறாள். அதில் கஸ்தூரி கலந்திருக்கிறது. நியான் குடும்பத்து ரத்தத்தில் ஓர் இளவரசன் பிறக்கக் கூடாது என்று வருடக்கணக்காக அவள் கருவைத் தடுத்ததே அந்த அன்பளிப்புதான். கடைசியில் இதைக் கேட்டதும் அவள் சுவரில் தலையை மோதிக்கொள்கிறாள். நாற்பது எபிசோட் வெறுத்தவளுக்காக நாம் எழுந்து உட்காருவோம்.

வரலாற்றில் அப்படி இல்லை. நியான் குடும்பத்துத் துணைவிக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், எல்லோரும் சிறு வயதிலேயே இறந்தார்கள். அவரும் 1725-இல் நோயில் போய்விட்டார். கொஞ்ச நாளில் அண்ணனுக்குத் தற்கொலை செய்துகொள்ளும்படி ஆணை வந்தது. தொடர் கண்டுபிடித்தது புகையை மட்டும்தான், ஆனால் அந்தப் புகை வழியாக யோங்ஜெங்கின் அரசியல் முழுக்கத் தெரிகிறது. பேரரசராக நடித்த சென் ஜியான்பின் அதற்கு முந்தைய ஆண்டில்தான் மூன்று ராஜ்ஜியக் கதையில் சந்தேகக்காரத் தளபதி சாவ் சாவாக நடித்திருந்தார். அங்கே சிரித்துக்கொண்டே சந்தேகப்பட்டவர், இங்கே சிரிக்காமல் சந்தேகப்படுகிறார்.

குறையும் சொல்ல வேண்டும். ஐம்பதாவது எபிசோடை ஒட்டி ஜென் ஹுவான் அரண்மனையை விட்டுக் கோயிலுக்குப் போன பிறகு இளவரசரோடு வரும் காதல் பகுதி எனக்கு இழுவை. மலை, நிலா, புல்லாங்குழல். அந்த நேரத்தில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வருபவளைப் பார்க்கத்தான் அதைத் தாண்ட வேண்டும். தாண்டினால் கடைசி இருபது எபிசோடில் அவள் முகத்தில் ஒரு தசைகூடத் தேவையில்லாமல் அசைவதில்லை.

அடுத்த இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும், ஏனென்றால் அவை ஒரே வீட்டைப் பற்றியவை. யோங்ஜெங்கின் மகன் சியான்லோங்கின் அந்தப்புரம். அதே பட்டத்தரசி, அதே துணைவியர், அதே மாமியார். ஒரு தொடரின் கதாநாயகி மற்றதன் வில்லி. இது ஏதோ சின்ன மாற்றம் இல்லை, சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பினது போல.

வரலாற்றில் நிச்சயமாகத் தெரிந்தது என்ன என்று முதலில் பார்ப்போம். சியான்லோங்கின் முதல் பட்டத்தரசி ஃபூச்சா குடும்பத்தவர். இரண்டு மகன்களைப் பறிகொடுத்தார். 1748-இல் கிழக்குப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் டெசோவில் இறந்தார். பேரரசர் வாழ்நாள் முழுக்க அவருக்காகக் கவிதை எழுதிக்கொண்டிருந்தார். 1750-இல் நாரா குடும்பத்துப் பெண் பட்டத்தரசி ஆனார். பதினைந்து வருடம். 1765-இல் தெற்குப் பயணத்தில் ஹாங்சோவில் ஏதோ நடந்தது. அவரை மட்டும் பெய்ஜிங்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டே இறந்தார். பேரரசர் அப்போது வடக்கே வேட்டையில் இருந்தார், திரும்பி வரவில்லை. பட்டத்தரசிக்குரிய சடங்கு கிடையாது என்று ஆணை வந்தது. தனிக் கல்லறைகூட இல்லை, இன்னொரு துணைவியின் கல்லறையில் ஓரமாக இடம் கொடுத்தார்கள். பல வருடம் கழித்து 1778-இல் பேரரசரே ஓர் ஆணையில் காரணத்தைத் தொட்டார்: பட்டத்தரசி தன் கூந்தலைத் தானே வெட்டிக்கொண்டார். சிங் அரசர்களின் மஞ்சு இன வழக்கத்தில் பேரரசரோ அவருடைய தாயோ இறந்தால்தான் பட்டத்தரசி முடியை வெட்டுவார். உயிரோடு இருக்கும் கணவன் எதிரே வெட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

ஏன் வெட்டினார் என்பதைப் பேரரசர் எழுதவில்லை. அந்த இடத்தில் இரண்டு தொடர்களும் கூடாரம் போட்டிருக்கின்றன.

எதிர்ப்பக்கத்தில் வெய் குடும்பத்துப் பெண். அரண்மனைச் சேவகக் குடும்பத்திலிருந்து வந்து, லிங் என்ற பட்டத்தோடு ஃபே ஆகி, 1756-க்கும் 1766-க்கும் நடுவில் ஆறு பிள்ளை பெற்றவர். அதில் ஒருவன்தான் பின்னால் ஜியாசிங் பேரரசர். நாரா விழுந்தபோது லிங் ஏறிக்கொண்டிருந்தார் என்பது தேதிகளிலிருந்தே தெரிகிறது. ஒருத்தி ஏறியதும் இன்னொருத்தி விழுந்ததும் தற்செயலா, இல்லையா? யான்ஷி ஒரு பதில் சொல்கிறது, ரூயீ நேர் எதிர்ப் பதில் சொல்கிறது.

யான்ஷியில் வெய் யிங்லுவோ தன் அக்காவின் சாவுக்குக் காரணம் யார் என்று கண்டுபிடிக்க 1741-இல் தையல் பணிப்பெண்ணாக உள்ளே வருகிறாள். முதல் எபிசோடிலிருந்தே அடிக்கு அடி. யாராவது அவளை முட்டிபோட வைத்தால், அடுத்த எபிசோடுக்குள் அவர்கள் முட்டிபோட்டிருப்பார்கள். ஒரு இடத்தில் இடி மின்னலையே பழிவாங்கக் கூலிக்கு அமர்த்திக்கொள்கிறாள். நம்ப முடியாது, ஆனால் கைதட்டாமல் இருக்கவும் முடியாது. சீன ரசிகர்கள் இந்த வகைச் சுகத்துக்கு 'ஷுவாங்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: கொளுத்தும் வெயிலில் குளிர்ந்த நீர் தொண்டையில் இறங்குவது போன்ற திருப்தி. அந்த ஆண்டில் உலக அளவில் கூகுளில் மிக அதிகம் தேடப்பட்ட தொலைக்காட்சித் தொடர் இதுதான், அதுவும் கூகுள் முடக்கப்பட்ட நாட்டில் எடுத்த தொடர். 2019 ஜனவரியில் பெய்ஜிங்கின் அரசு நாளிதழ் ஒன்று அரண்மனைத் தொடர்கள் ஆடம்பரத்தையும் சூழ்ச்சியையும் வளர்க்கின்றன என்று சாடியது; உடனே சில தொலைக்காட்சிகள் மறுஒளிபரப்பை நிறுத்திக்கொண்டன. அந்தக் கட்டுரையை எழுதியவர் எழுபது எபிசோடையும் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

கண்ணுக்கும் விருந்து. பளபளக்கும் மஞ்சள் சிவப்பை ஒதுக்கிவிட்டு சாம்பல் கலந்த நீலம், மங்கிய பச்சை என்று போயிருக்கிறார்கள். பட்டத்தரசி ஃபூச்சா தங்கத்துக்குப் பதில் கூந்தலில் பட்டு இழையால் செய்த பூ வைத்திருப்பார்; நாஞ்ஜிங்கின் பழைய கைத்தொழில் அது, இந்தத் தொடருக்குப் பிறகு பலருக்கும் அதன் பெயர் தெரிந்தது. உருக்கிய இரும்பைச் சுவரில் வீசி நெருப்புப் பூ பறக்கவிடும் ஹெபெய் கிராமத்து வித்தையும் வருகிறது, அதுவும் ஒரு கொலைக்கு உதவியாக. சின் லான் நடித்த ஃபூச்சா போன பிறகு தொடரிலிருந்து ஏதோ ஒரு விளக்கை அணைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதன்பின் வேகம் இருக்கிறது, ஈரம் குறைவு. நாரா அரசியாக வந்த ஹாங்காங் நடிகை ஷார்மெய்ன் ஷே மட்டும், ஒரு நல்ல பெண் எப்படிக் கெட்டாள் என்பதைக் கடைசிவரை தாங்கிப் பிடிக்கிறார்.

(உண்மையான யான்ஷி அரண்மனை 1845-இல் தீப்பிடித்து எரிந்தது. 1909-இல் அந்த இடத்தில் இரும்பும் கண்ணாடியுமாக ஒரு நீர் மாளிகை கட்டத் தொடங்கினார்கள். இரண்டு வருடத்தில் பணமும் வம்சமும் சேர்ந்து தீர்ந்துபோயின. அந்த இரும்புக்கூடு இன்னும் அங்கே நிற்கிறது. தொடரைப் படமாக்கியது ஜெஜியாங் மாகாணத்தின் ஹெங்டியான் படப்பிடிப்பு நகரில்.)

ரூயீ வேறு தட்பவெப்பம். ஜென் ஹுவானை எழுதிய அதே லியூ லியான்ஸிதான் எழுதினார். ஜென் ஹுவான் இதில் வயதான ராஜமாதாவாக வருகிறார். அவர் முன்பு வீழ்த்திய பட்டத்தரசியின் சகோதரர் மகளான ரூயீதான், அதாவது அந்த நாரா குடும்பத்துப் பெண்தான், இதன் கதாநாயகி. பழைய பகை தெரியாமல் பார்த்தால், இந்தக் கிழவி ஏன் இந்தப் பெண்ணை இப்படிப் பார்க்கிறாள் என்று விளங்காது. ஆகவே ரூயீயை முதலில் பார்ப்பது மாப்பிள்ளை வீட்டாரின் பழைய சண்டை தெரியாமல் கல்யாணப் பந்தியில் உட்காருவது போலத்தான். மறுவீட்டுக்குள் மூக்கு உடையும்.

சிறுவயதிலிருந்தே ஒருவரை ஒருவர் விரும்பிய இருவர். அவன் பேரரசன் ஆகிறான். அப்புறம் 87 எபிசோடில் அந்த அன்பு தேய்கிறது. ஒரே நாளில் உடைவதில்லை. ஒரு பொய்க் குற்றச்சாட்டு வருகிறது, அவன் சந்தேகப்படுகிறான், அவளைக் குளிர் மாளிகையில் பூட்டுகிறான், வெளியே எடுக்கிறான், மன்னிப்பு கேட்பது போல ஏதோ சொல்கிறான். அவளும் சரி என்கிறாள். ஆனால் அந்தச் 'சரி' ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெலிகிறது. யான்ஷியில் தேவதையாக இருந்த ஃபூச்சா இதில் இறுக்கமான, பயந்த பெண். பிற துணைவியருக்குக் கருத்தரிக்காமல் இருக்க மருந்து வைத்த காப்பைச் சிரித்த முகத்தோடு மாட்டிவிடுகிறாள். வெய் பெண்ணின் பெயர் இங்கே யான்வான். ஏழ்மையும் அவமானமும் சேர்ந்து அவளை எதற்கும் துணிந்தவளாக்குகின்றன. பேரரசரும் மாறிவிட்டார். யான்ஷியின் சியான்லோங் வீம்பு பிடித்த செல்லப்பிள்ளை, ரசிகர்கள் அவரைச் செல்லமாகத் திட்டி 'பெரிய பன்றிக்கால்' என்று பெயரே வைத்தார்கள். ரூயீயின் சியான்லோங்கை அப்படிக் கூப்பிட வாய் வராது.

ரூயீயாக வரும் ஜோ ஷுன் பெரிய நடிகை. நாற்பதைத் தாண்டியவரைப் பதினைந்து வயதுப் பெண்ணாக முதல் எபிசோடில் நிறுத்தியது தயாரிப்பாளர்கள் செய்த பாவம். அவருக்கு வயது ஏற ஏறத் தொடர் நன்றாகிறது. இதில் இன்னொரு பெரிய சிக்கல், துயரத்தின் அளவு. குழந்தைகள் சாகின்றன, மறுபடியும் சாகின்றன. நல்லவர்கள் வாய் திறக்க வேண்டிய இடத்தில் திறப்பதில்லை. பின்னாளில் சீன இளைஞர்கள் ரூயீயை நிமிடம் நிமிடமாக வெட்டிக் கேலி செய்யத் தொடங்கினார்கள், அவள் உதட்டைக் குவிப்பதிலிருந்து விரலில் மாட்டிய நீண்ட உறையை விரிப்பதுவரை. கேலியில் பாதி நியாயம். ஆனால் கூந்தலை வெட்டும் காட்சியில் யான்ஷியை ரூயீ தோற்கடித்துவிடுகிறது. யான்ஷியில் அது தோற்றுப்போன ஒருத்தியின் வெறி. ரூயீயில் அவள் வெட்டுவது, எப்போதோ செத்துப்போன ஒரு பையனுக்கான துக்கம். அந்தப் பையன்தான் எதிரே மஞ்சள் அங்கியில் நின்றுகொண்டிருக்கிறான். வரலாறு விட்டுவைத்த ஒரு வரிக்கு இதைவிட நல்ல பதவுரை கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவையும் யோசித்த பிறகு அந்தப்புரமே வேண்டாம் என்று ஒரு யோசனையும் வந்தது. 1999-இல் வந்த யோங்ஜெங் வம்சம், 44 எபிசோட். ஜென் ஹுவானின் அதே பேரரசர், ஆனால் அரியணைப் பக்கத்திலிருந்து. காங்சி பேரரசரின் மகன்கள் பட்டத்துக்கு அடித்துக்கொள்வதும், கஜானாவில் கடன் வாங்கிய அதிகாரிகளிடம் அதைத் திரும்ப வசூலிக்க நாலாவது இளவரசர் படும் பாடும்தான் முன்பாதி. நியான் கெங்யாவோ இங்கே வெறும் அண்ணனாக வருவதில்லை, வாளோடு வருகிறார். மூன்றையும்விட இதுதான் கெட்டியான சரக்கு என்பது என் எண்ணம். சித்தியிடம் சொன்னேன்.

"கடன் வசூல் கதையா? முப்பது வருஷம் அதைத்தானே கண்ணு பார்த்தேன்."

சரி, அந்தப்புரமே.

யான்ஷியைச் சித்திக்குச் சொல்லவில்லை. வசனம் பட்டாசு மாதிரி ஓடும், கண்ணாடியை ஏற்றி இறக்குவதற்குள் ஒருத்தி செத்திருப்பாள். தவிர, முதலில் அதைப் பார்த்துவிட்டால் மற்ற இரண்டும் நத்தை போலத் தோன்றும். ஒரே ஒரு தொடர், அதுவும் அழுகை வேண்டாம், வேகம் வேண்டும் என்பவர்களுக்கு யான்ஷியைத் தயங்காமல் சொல்வேன். வேலைக்குப் போய்வந்து ராத்திரி ஒரு எபிசோட் பார்ப்பவர்களுக்கும் அதுதான். நேற்று என்ன நடந்தது என்பது மறந்தாலும் பெரிய நஷ்டமில்லை. கல்யாணமாகி இருபது வருடம் ஆனவர்கள், துயரத்துக்குப் பயப்படாதவர்கள் ரூயீக்குப் போகலாம், ஜென் ஹுவானை முடித்த பிறகு. வலியோடு உட்கார்ந்திருக்கும் மனுஷிக்கு ரூயீயைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜென் ஹுவானை எழுதிக் கொடுத்தேன். நிதானமான பேச்சு, நின்று படிக்கலாம். முதல் பத்து எபிசோட் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன், கோயில் பகுதியில் நடைப்பயிற்சி செய்துகொள்ளலாம் என்றும் சொன்னேன்.

மூன்றாம் வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு போன். "அந்தப் புகையில என்னமோ இருக்குன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா? ஏன் சொல்லல?" குரல் அடைத்திருந்தது. "அந்தப் பாவி ஹுவாவுக்கு நான் அழுவேன்னு நினைக்கவே இல்ல." ஐந்தாம் வாரத்தில் முடித்துவிட்டார். ஒன்று போதும் என்றவர், என்னைக் கேட்காமலே ரூயீயைத் தொடங்கிவிட்டார்.

இதற்குள் அம்மாவுக்குப் பொறாமை. தங்கை போனில் என்னோடு மட்டும் மணிக்கணக்காகப் பேசுவது பொறுக்கவில்லை. "எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடு, ஆனா அழுவாச்சி வேண்டாம்" என்றார். யான்ஷியைப் போட்டுக் கொடுத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். இப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவில் தினமும் லிங் துணைவியைப் பற்றிச் சண்டை. அந்தப் பொண்ணு மாதிரி ஒரு மகள் வேண்டும் என்கிறார் அம்மா. அவளைப் போல ஒரு விஷப்பாம்பு உலகத்திலேயே கிடையாது என்கிறார் சித்தி. இருவரும் இன்னொருவர் பார்ப்பதைப் பார்க்கத் தயாராக இல்லை.

சமாதானத்துக்காக ஒரு படம் அனுப்பினேன். சியான்லோங்கும் பட்டத்தரசியும் துணைவியரும் ஒவ்வொருவராக வரிசையாக வரைந்த பட்டுச் சுருள் ஒன்று அமெரிக்காவில் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இத்தாலியிலிருந்து போய் அரசவை ஓவியராகிவிட்ட கஸ்டிலியோனே தொடங்கியது. அதில் லிங் துணைவியின் முகத்தை மட்டும் பெரிதாக்கி இருவருக்கும் அனுப்பி, இதுதான் உண்மையான ஆள் என்று எழுதினேன்.

"எவ்வளவு சாந்தமான முகம், பாரு" என்று அம்மா குரல் பதிவு போட்டார்.

சித்தியின் பதில் ஒரு மணி நேரம் கழித்து வந்தது. படத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். "உதட்டைப் பாருக்கா. எதையோ அடக்கி வெச்சிருக்கா."